அடுத்து நீங்கதான் சார்

கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இன்னாசிமுத்துவுக்குப் பழக்கமே இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் இன்றைக்குத்தான் முதல் தடவை. சங்க ஆபீஸிலிருந்து தூக்கி வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, காதில் மாட்டுகிற வயரின் ஒரு முனை வலது காதில், மறுமுனை நெஞ்சில் தொங்கல், எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு செல்போன், அதன் உச்சியில் மிளகு அளவுக்கு ஒரு கண்ணாடிப் பொட்டு. அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டுமாம். "ஆளுங்களப் பாக்காதீங்க அண்ணே, இதை மட்டும் பாருங்க. பின்னாடி கடல் தெரியணும், அப்பத்தான் மீனவர் பிரச்சினைன்னு பாக்குறவனுக்குப் புரியும்" என்று கலீல் சொல்லியிருந்தான். கலீல் இந்தக் கரை முழுக்க அந்த ஒரு சேனலுக்கு ஆள். படகு பிடிபட்டாலும் புயல் கூண்டு ஏற்றினாலும் முதலில் வந்து நிற்பவன், மற்ற நாளில் கல்யாண வீடியோ எடுப்பான். ஐந்து மணிக்குத் தொடங்கிய விவாதம் இன்னாசியின் வலது காதுக்குள் நடக்கிறது, இடது காதில் அலை. கலீலுக்குப் பின்னால், ஏலக் கொட்டகைத் தூணில் சாய்ந்தபடி தம்பி பொண்டாட்டி கித்தேரி நிற்கிறாள். தம்பி மிக்கேலையும் கூடப் போன ஐந்து பேரையும் போன சனிக்கிழமை ராத்திரி எல்லைக்குப் பக்கத்தில் வைத்து அந்தக் கரை நேவி பிடித்துப் போய்விட்டது. இன்றைக்கு வெள்ளி. "அத்தான், வேற எதையும் பேச வேணாம்" என்று மத்தியானமே சொல்லிவிட்டாள் கித்தேரி. "அவருக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை பேரு இது, காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. அஞ்சு நாளா கையில இல்ல. இத மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருங்க." அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இன்னாசிமுத்து மீனவர் சங்கத்தின் செயலாளர், இருபது வருஷமாக மேடை ஏறுகிறவர், கலெக்டரையே கை தட்ட வைத்தவர். இது ஒரு பேச்சா அவருக்கு.

"சார், லைன்லயே இருங்க. அடுத்து நீங்கதான் சார்" என்றது காதுக்குள் ஒரு இளம்பெண் குரல், சென்னையிலிருந்து. மரியாதையான பெண். மூன்றாவது தடவை சொல்கிறாள். இன்னாசி முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஆனால் அடுத்து வந்தது அவர் இல்லை, ஆளுங்கட்சிக்காரர். அடேயப்பா, என்ன மூச்சு அந்த மனுஷனுக்கு. தினமும் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டு இன்னாசிக்கு ஒவ்வொருவர் இருமலும் அடையாளம் தெரியும். ஆளுங்கட்சிக்காரர் ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்லுவார், மூன்றும் வேறு கேள்விக்கு. எதிர்க்கட்சிக்காரர் "நான் குறுக்கிட விரும்பவில்லை" என்று சொல்லித்தான் குறுக்கிடுவார். அந்த முன்னாள் தூதர், பாவம், நல்ல மனுஷன், எத்தனையோ நாட்டில் வேலை பார்த்தவராம், அழகாகத் தொடங்குவார், "இதை இரண்டு கோணத்தில் பார்க்க வேண்டும்" என்று, முதல் கோணம் முடிவதற்குள் நெறியாளர் நன்றி சொல்லிவிடுவார். அந்த நெறியாளர்தான் எல்லாரிலும் கெட்டிக்காரர். தடுக்காமல் கொள்ளாமல் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு இன்னாசி வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கையை அதே மாதிரி ஆட்டிப் பார்த்திருக்கிறார், பொய் சொல்வானேன். ஊரில் யாருக்கு வெளிநாட்டுச் சங்கதி தெரியவேண்டும் என்றாலும் இன்னாசியிடம்தான் வருவார்கள். டெல்லி ஏன் அந்தக் கரையோடு இத்தனை பதமாகப் போகிறது, வடக்கே பெரிய நாடு ஒன்று அங்கே துறைமுகம் கட்டுகிறதாமே, நாம் முறைத்தால் அவன் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான், அதனால்தான் நம் ஆட்கள் சிறையில் என்று டீ ஆறுகிறவரைக்கும் விளக்குவார். இப்போது காதுக்குள் அதையேதான் யாரோ விளக்குகிறார்கள். அந்தக் கரைக்குத் தீவைக் கொடுத்தது யார், எந்த வருஷம், கொடுக்கும்போது யார் வாயை மூடிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்தவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரமாக ஒருத்தர் வாயிலும் மிக்கேல் என்ற பேர் வரவில்லை. "அறுவர்" என்று மட்டும் ஒரு தடவை வந்தது.

அறுவரில் ஒருவன் மிக்கேல். நாற்பத்தாறு வயது, இடது புருவத்தில் தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஊரில் கேட்டால் கப்பி அடித்தது என்பார்கள், வலை இழுக்கிற கப்பி. கப்பியும் இல்லை, கம்பியும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை வீட்டுக்குள்ளேயே விழுந்தான், அம்மிக் கல்லில் நெற்றி பட்டது. கித்தேரி ஓடி வந்து இன்னாசியின் கதவைத் தட்டியபோது அவள் குரலில் நடுக்கம் இல்லை, "அத்தான், வாங்க, சத்தம் போடாதீங்க" என்றாள். போய்ப் பார்த்தால் தம்பியின் கை கால் வெட்டிக்கொண்டு, வாயோரம் நுரை. இன்னாசிதான் ஓடினார் சாவிக் கொத்தை எடுக்க, கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று. கித்தேரி சாவியைத் தட்டிவிட்டாள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எத்தனை நிமிஷம் என்று. எங்கே கற்றாள் என்று இன்றைக்கு வரைக்கும் இன்னாசிக்குத் தெரியாது. மதுரைக்குப் போய் டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்ததும் மூன்று பேருக்கும் ஒரே முடிவு, வெளியே தெரியக்கூடாது. வலிப்புக்காரனை எவன் படகில் ஏற்றுவான்? நடுக்கடலில் விழுந்தால் யார் பொறுப்பு? அதனால் ஒரு பழைய சுண்ணாம்பு டப்பாவைக் கழுவிக் காய வைத்து, கடலுக்குப் போகிறபோது அதில் மாத்திரை. ஒரு ராத்திரிக்கு ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று. கேட்டால் வயிற்று எரிச்சலுக்கு என்பான். பதினோரு வருஷமாக அவன் வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது என்று படகில் கேலி. நடுவில் ஒரே ஒரு தடவை, புயல் வந்து மருந்துக்கடை நாலு நாள் பூட்டிக் கிடந்தபோது, நாலாம் நாள் சாயங்காலம் மறுபடி விழுந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நாலாம் நாள். சனி ராத்திரி ஒன்று போட்டிருப்பான், ஞாயிறு காலைக்கு உள்ளது பையில் இருந்ததோ, பறித்தார்களோ. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. இன்னாசி எப்படி எண்ணினாலும் ஐந்து நாள் ஆகிறது.

"அடுத்து நீங்கதான் சார்." சரிம்மா. இன்னாசி உதட்டை நனைத்துக்கொண்டார். கித்தேரி தூணில் சாய்ந்தபடியே அவரைப் பார்க்கிறாள். கலீல் சொன்னபடி பொட்டைப் பார்க்க வேண்டும், ஆனால் பொட்டுக்குப் பின்னால் அவள் முகம், தப்பிக்க வழியில்லை. அவள் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. திங்கட்கிழமை மனு எழுதும்போதே அவள் சொன்னாள், வலிப்பு என்று எழுதுங்கள் என்று. எழுதியது யார், இன்னாசிதான். நல்ல கையெழுத்து, நல்ல தமிழ். "மேற்படி மிக்கேல் என்பார் சற்று உடல்நலம் குன்றியவர் ஆதலால்" என்று எழுதினார். சற்று. ஆறு குடும்பம் கையெழுத்துப் போடுகிற மனு, எல்லாரும் படிப்பார்கள், படகுக்காரர் படிப்பார், நாளைக்கு அவன் திரும்பி வந்தால் பிழைப்புக்கு என்ன வழி, அவன் மகள் பிளேவியாவுக்கு வேறு வரன் பேசிக்கொண்டிருக்கிறது, அந்தக் குடும்பத்தில் இழுப்பு நோய் என்று ஒரு பேச்சு கிளம்பினால் முடிந்தது. இதையெல்லாம் அவர் கித்தேரியிடம் எடுத்துச் சொன்னார், மேடைக் குரலில்கூட இல்லை, மெதுவாகத்தான். அவள் கேட்டுவிட்டு, "எவனும் ஏத்த வேணாம் அத்தான். ஆளு வந்து கரையில சும்மா உக்காந்திருக்கட்டும். நான் போட்டுக்கிறேன் சோறு" என்றாள். "பிளேவியாவ கட்டுறவன் தெரிஞ்சே கட்டட்டும்" என்றாள். சொன்னவளுக்குத்தான் மனு வாசித்துக் காட்டவில்லை இன்னாசி. மனு வாங்கியவர் தலைப்பைப் பார்த்தார், முத்திரை குத்தினார், மனுவில் இருந்த ஆறு பேர் வெறும் ஆறு பேராகவே மேலிடத்துக்குப் போனார்கள். எங்கே போனார்களோ. சென்னையில் ஒரு நம்பர் கொடுத்தார்கள், டெல்லியில் ஒரு நம்பர் கொடுத்தார்கள், ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொன்று எடுத்து இன்னொரு நம்பர் கொடுக்கும். அந்தக் கரை வக்கீல் ஒருத்தர் லைனில் வந்து அடுத்த வாய்தாவுக்குச் சொல்லுகிறேன் என்றார், வாய்தாவுக்கு இன்னும் எட்டு நாள்.

கித்தேரி அழவில்லை, அதுதான் அவள் செய்த குற்றம். ஞாயிற்றுக்கிழமை சேனல்காரர்கள் நாலு பேர் வந்து இறங்கினார்கள், ஆறு வீட்டுக்கும் போனார்கள். மற்ற வீட்டில் தாய்மார் மண்ணை வாரி இறைத்து அழுதார்கள், அது அழுகைதான், நடிப்பு இல்லை, யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. கித்தேரி மட்டும் வாசலில் நின்று அமைதியாகப் பதில் சொன்னாள். சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் டிவி பார்த்தார்கள். ஐந்து வீடு வந்தது, ஆறாவது வரவில்லை. கலீலே ஒத்துக்கொண்டான், "அழாத ஆளப் போடமாட்டாங்கண்ணே, நான் அனுப்பினேன், அங்க வெட்டிட்டாங்க" என்று. அன்றைக்கு ராத்திரி இன்னாசிக்குள் ஒரு சின்ன எரிச்சல்கூட எட்டிப் பார்த்தது, கொஞ்சம் அழுதிருந்தால்தான் என்ன குறைந்துபோகும் இவளுக்கு என்று. நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் அப்படித்தான். கடலில் முங்கிப் பாசி எடுத்து விற்கிறவள், அந்தப் பெண்களுக்கு அப்படித்தான் அமையும் போல. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் கட்டிக்கொண்டு, பக்கத்துக் குட்டித் தீவுக்கு அந்தப் பக்கம் பாறைக்குள் முங்குவார்கள், மூச்சு இருக்கிறவரைக்கும் கை, கை இருக்கிறவரைக்கும் பாசி. முங்கின இடத்தில் ஒருத்தி அழுதுகொண்டு இருந்தால் வெறுங்கையோடுதான் மேலே வருவாள். ஒரு தடவை அவள் பாதம் கிழிந்து ஏழு தையல் போட்டார்கள், எட்டாம் நாள் மறுபடி தண்ணீரில். என்ன பிறவி இது என்று இன்னாசி நினைத்துக்கொண்டதுண்டு, வெளியே சொன்னதில்லை. தம்பி பொண்டாட்டியை எந்த வாயால் புகழ்வது. சங்க ஆண்டு விழாவில் எத்தனை பேரைப் புகழ்ந்திருக்கிறார், எத்தனை துண்டு போர்த்தியிருக்கிறார், அவளுக்கு ஒரு சொல் சொன்னதில்லை.

காதுக்குள் சண்டை முற்றிவிட்டது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நெறியாளர், "ஆமா இல்லைன்னு ஒத்தை வார்த்தையில சொல்லுங்க, டெல்லி நம்ம மீனவனைக் கைவிட்டிருச்சா இல்லையா" என்கிறார். ஆளுங்கட்சிக்காரர் ஒற்றை வார்த்தைக்காக ஒரு வரலாறு தொடங்குகிறார். இதே நிகழ்ச்சியை டீக்கடையில் பார்க்கும்போது இன்னாசி பெஞ்சைத் தட்டியிருக்கிறார், "கேட்டான் பாரு கேள்வி" என்று. தொலைவில் இருந்து பார்த்தால் பொங்கல் பானை மாதிரி பொங்குகிறது, காதுக்குள் வைத்துக் கேட்டால் சோறு இல்லாத பானையாக இருக்கிறதே. எத்தனை வருஷம் இதை நியாயம் என்று நம்பிப் பார்த்தோம். போன மாசம் வேறு எங்கோ யுத்தம், அதற்கும் இதே ஆட்கள், இதே கத்தல், கீழே ஓடுகிற எழுத்தில் செத்தவர் எண்ணிக்கை நகர்ந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இன்னாசி வடை தின்றார். அந்த ஊரிலும் ஒருத்தி தூணில் சாய்ந்து நின்றிருப்பாள், ஒரு மாத்திரைப் பெயரை மனப்பாடம் பண்ணிக்கொண்டு. சோடியம் வால்ப்ரோயேட். இன்னாசி அதை உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறார், வியர்வையில் ஊதா நிறம் பரவிவிட்டது. சோடியம். சோடியம் வால்ப்ரோயேட் ஐநூறு. கித்தேரி ஐந்தாவதோடு நிறுத்தியவள், அவள் அதைத் தண்ணி மாதிரி சொல்கிறாள். வலிப்பு. ஊரே டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கும், படகுக்காரர் பார்ப்பார். வேறு விதமாகச் சொன்னால் என்ன, தொடர் சிகிச்சையில் இருப்பவர், நரம்பு சம்பந்தமான, உயிர் காக்கும் மருந்து. அதெல்லாம் சற்று என்பதற்கு மச்சான் முறை. இல்லை, சொல்லிவிட வேண்டியதுதான். வலிப்பு. வலிப்பு. வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார், கித்தேரி அதைக் கண்டுகொண்டு தலையை மெல்ல ஆட்டினாள்.

"சார், அடுத்து நீங்கதான் சார், உங்ககிட்ட வந்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண், உடனே நெறியாளரின் குரல், கனிந்து, இவருக்காகவே கனிந்து, "களத்திலிருந்து மீனவர் சங்கச் செயலாளர் இன்னாசிமுத்து நம்மோடு இணைகிறார், சொல்லுங்க, உங்களுக்கு நாற்பது விநாடி." இன்னாசி பொட்டைப் பார்த்தார். எழுந்து நிற்கப் போனவரைக் கலீல் கையால் அமர்த்தினான். தொண்டையைச் செருமினார். "எல்லாம் வல்ல இறைவனுக்கு முதற்கண் வணக்கம்" என்றார். "இந்த நிகழ்ச்சியைத் திறம்பட நடத்திக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய நெறியாளர் அவர்களே, அரங்கத்தில் வீற்றிருக்கும் ஆளுங்கட்சியின் செய்தித் தொடர்பாளர் அவர்களே, எதிர்க்கட்சியின் செய்தித் தொடர்பாளர் அவர்களே." நிறுத்து என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது, ஆனால் எப்படி நிறுத்துவது, ஒருத்தர் பேரை விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், ஒரு திருவிழா மேடையில் பொருளாளர் பேரை விட்டுவிட்டார், அந்த மனுஷன் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "வயதிலும் அனுபவத்திலும் மூத்த முன்னாள் தூதர் ஐயா அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, ஊர்த் தலைவர் அவர்களே, விசைப்படகு உரிமையாளர்கள் அவர்களே." ஒவ்வொரு அவர்களே வரும்போதும் அந்தச் சொல் ஓர் அடி தள்ளிப் போகிறது, தள்ளிப் போவது சுகமாகவும் இருக்கிறது, அட பாவி, சுகமாக இருக்கிறதே, இது மரியாதை இல்லை, இது பயம், துண்டு போர்த்திக்கொண்டு நிற்கிற பயம் என்று அவருக்கே தெரிந்துபோனது. "தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு" என்று முடித்து மூச்சை இழுத்தார். "நன்றி இன்னாசிமுத்து, உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஒரு சிறிய இடைவேளை" என்றார் நெறியாளர். ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் பாட ஆரம்பித்தது.

பாட்டு நிற்கிறவரைக்கும் இன்னாசி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கலீல் மண்ணைப் பார்த்தான். எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, எந்த அவர்களேயில் தொடங்குவது. கித்தேரி தூணை விட்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் அவரைப் பார்க்காமல் கலீலிடம், "லைன் இன்னும் இருக்கா தம்பி?" என்றாள். "இருக்குக்கா. ஆனா அண்ணன்கிட்டத் திரும்ப வரமாட்டாங்க, கடைசிச் சுத்து அரங்கத்துக்குள்ளயே முடிச்சிருவாங்க." அவள் ஒரு கணம் யோசித்தாள். "அவங்களுக்குச் சொல்லுங்க, பிடிபட்டவரு பொண்டாட்டி வந்திருக்கா, கதறி அழுதுக்கிட்டு இருக்கான்னு." கலீல் அவள் முகத்தைப் பார்த்தான். பாறை மாதிரி காய்ந்து கிடந்தது. "சொல்லுங்க தம்பி" என்றாள் மறுபடி. கலீல் இன்னொரு போனில் விறுவிறுவென்று தட்டினான், இன்னாசியின் காதுக்குள் அந்த இளம்பெண் குரல் பரபரத்தது, "சார், அந்தம்மாவ உடனே உக்கார வைங்க சார், இடைவேளை முடிஞ்சதும் அவங்கதான் முதல்ல." ஒரு மணி நேரம் அவர் காத்துக் கிடந்த கதவு, அவள் தட்டினது ஒரே தட்டு. "எந்திரிங்க அத்தான்" என்றாள் கித்தேரி. எழுந்தார். அவள் உட்கார்ந்து வயரின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவரிடம் நீட்டினாள். நின்றபடி எட்டவில்லை. தேய்ந்த முழங்காலை மடக்கி நாற்காலி ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார் செயலாளர்.

"அம்மா, உங்க கண்ணீரை இந்த நாடே பாத்துக்கிட்டு இருக்கு, சொல்லுங்கம்மா" என்றார் நெறியாளர், குரலைத் தாழ்த்தி. "கண்ணீர் இல்லைங்க. எழுதிக்கங்க" என்றாள் கித்தேரி. அப்புறம் முங்கினாள். "என் வீட்டுக்காரர் பேரு மிக்கேல். வயசு நாப்பத்தாறு, இடது புருவத்துல தழும்பு. அவருக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை பேரு சோடியம் வால்ப்ரோயேட் ஐநூறு. காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு, சாப்பிட்ட பெறகு. அஞ்சு நாளா போடல. கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாரு, வெக்கப்படுவாரு. கூட இருக்கிற அஞ்சு பேருக்கும் தெரியாது. விழுந்தாருன்னா வாயில எதையும் திணிக்காதீங்க, கையில இரும்பு குடுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அந்தக் கரையில இதப் பாக்குற யாராச்சும் இருந்தா சிறையில போய்ச் சொல்லுங்க. என் போன் நம்பர் சொல்றேன்." பத்து எண்ணையும் சொன்னாள், ஒவ்வொன்றாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல. நெறியாளர் திகைத்துப் போய், பழக்கத்தில், "அம்மா, உங்க கணவரோட இந்த நிலைமைக்கு யார் காரணம்னு நினைக்கிறீங்க, மத்திய அரசா, மாநில அரசா?" என்றார். "மாத்திரை பேரு இன்னொருக்கா சொல்றேன்" என்றாள் கித்தேரி. சொன்னாள். நம்பரையும் இன்னொருக்காச் சொன்னாள். அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. ஆளுங்கட்சிக்காரர் இல்லை, எதிர்க்கட்சிக்காரர் இல்லை, இத்தனை வருஷத்தில் அந்த நிகழ்ச்சியில் அப்படி ஒரு அமைதியை இன்னாசி கேட்டதில்லை. முன்னாள் தூதர் மட்டும், "நான் எழுதிக்கொண்டேன் அம்மா" என்றார். நல்ல மனுஷன்தான். இன்னாசிக்குக் கண் நிறைந்துவிட்டது. மண்ணில் உட்கார்ந்திருந்தபடியால் அது டிவியில் வரவில்லை.

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். கலீல் ஸ்டாண்டை மடக்காமல் நின்றான். டீக்கடைப் பக்கம் நாலைந்து பேர் வாசலுக்கு வந்து நின்று இந்தப் பக்கம் பார்த்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை. போயிற்று, பதினோரு வருஷச் சுண்ணாம்பு டப்பா திறந்து கிடக்கிறது. இன்னாசிக்கு வேர்த்தது, ஆனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் போன் அடித்தது. யாரோ ஒருத்தன், அந்தம்மா எந்தக் கட்சி என்று கேட்டான். வைத்துவிட்டாள். மறுபடி. எல்லை தாண்டிப் போனால் பிடிக்கத்தான் செய்வார்கள் என்று ஒருவர் பாடம் நடத்தினார், "சரிங்க" என்று வைத்தாள். மூன்றாவது, நாலாவது. நம்பரை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டாளே, இனி ராத்திரி தூங்க விடமாட்டான்களே என்று இன்னாசி பதறினார். அப்புறம் ஒரு நீளமான நம்பர் வந்தது. கித்தேரி ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நான் பேசாலையில இருந்து கதைக்கிறன், மன்னார்ப் பக்கம். என்ர பேர் மெற்றில்டா" என்றது ஒரு பெண் குரல், அலைச் சத்தத்துக்கு நடுவில். அங்கேயும் அதே அலைதான். "நீங்கள் சொன்னத எழுதிப்போட்டன். ஒருக்காத் திருப்பிச் சொல்லுறன், சரியோ எண்டு பாருங்கோ." சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை. "எங்கட ஃபாதர் உங்கட ஆக்கள வைச்சிருக்கிற சிறைக்குப் போய்வாறவர். இப்பவே அவரிட்டச் சொல்லிப்போட்டன். விடியக் காலம பஸ்ஸில போவார், ரெண்டு மணித்தியாலம்தான். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ, டொக்டரின்ர கையெழுத்துத் தெரியவேணும்." கித்தேரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அனுப்புறேன்க்கா" என்றாள், "நல்லா இருப்பீங்க."

"இன்னொண்டு அக்கா, கோவிக்கக் கூடாது" என்றாள் மெற்றில்டா. "உங்கட ஆக்களின்ர றோலர் வந்து வந்து எங்கட வலையள அள்ளிக்கொண்டு போகுது. போன மாசம் எங்கட முழுதும் போச்சுது. என்ர மனுசன் மூண்டு நாள் சோறு தின்னேல்ல. உங்கட மனுசனும் அதிலதான் வந்தவரோ தெரியேல்ல. மருந்து வேற, இது வேற. எண்டாலும் சொல்லவேணும் போல இருக்கு." இன்னாசிக்கு உடனே பதில் தயார். பாரம்பரிய உரிமை, பாட்டன் பூட்டன் மீன் பிடித்த கடல், தீவைக் கொடுத்தது யார். இருபது வருஷப் பேச்சு நாக்கு நுனிக்கு வந்து நின்றது. கித்தேரி முந்திக்கொண்டாள். "எங்க விசைப்படகுதான்க்கா. அவரு வந்த படகும் அப்படிப்பட்டதுதான். வீட்டுக்கு வந்து சொல்லுவாரு, எங்க இழுவலை மடியில உங்க வலை சிக்கிச்சுன்னு, அன்னைக்கு மீன் கையால தொடமாட்டாரு." இவ்வளவுதானா, இத்தனை சின்னதா அந்த உண்மை, ஒரு பொம்பளை பிளாஸ்டிக் நாற்காலிப் பக்கம் நின்று இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். டெல்லியில் சொல்லவில்லை, சென்னையில் சொல்லவில்லை, இன்னாசிமுத்து எந்த மேடையிலும் சொல்லவில்லை. "எங்க சங்கச் செயலாளர் பக்கத்துலதான் இருக்காரு, அவருகிட்டச் சொல்லுங்க" என்று கித்தேரி போனை அவரிடம் நீட்டினாள். "பேசுங்க அத்தான். வணக்கமெல்லாம் வேணாம்."

அவள் மருந்துச் சீட்டை எடுக்க வீட்டைப் பார்த்து நடந்தாள், டீக்கடை வாசலில் நின்றவர்களைத் தாண்டி, தலையைக் குனியாமல். இன்னாசி மண்ணிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இப்போதுதான் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். போனைக் காதில் வைத்தார். வாயைத் திறந்தார், பழக்க தோஷத்தில் முதற்கண் என்று தொடங்கப் பார்த்தது நாக்கு, கடித்துக்கொண்டார்.

"எத்தனை வலைம்மா போச்சு?" என்று கேட்டார்.

மெற்றில்டா சொல்லத் தொடங்கினாள். இன்னாசிமுத்து குறுக்கிடவில்லை.